காகிதக் குவளை தீண்டாமையை ஒழித்துவிட்டதா?

இரட்டைக் குவளை முறை குறித்து எந்த அலுவலகத்தில் மனுக் கொடுத்தாலும் நமக்கு இப்போது கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: “அதெல்லாம் அந்தக் காலம், இப்ப எல்லாருக்கும் பேப்பர் கப்தானே.” இதைச் சொல்லும் அலுவலர் பொய் சொல்வதாக நாம் கருதவில்லை. அவர் கடையை எட்டிப் பார்த்தும் இருக்கலாம். கூரை எரவாணத்தில் செருகி வைத்த கொட்டாங்குச்சியும், கடையின் ஓரத்தில் தனியே கவிழ்த்து வைத்த அலுமினியக் குவளையும் அவர் கண்ணில் படவில்லை. ஆகவே கோப்பை மூடிவிடுகிறார். தீண்டாமையை ஒரு பாத்திரமாக மட்டுமே பார்க்கப் பழகிய நிர்வாகத்துக்கு, பாத்திரம் மறைந்ததும் குற்றமும் மறைந்துவிடுகிறது.

அந்தப் பாத்திரம் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கடைக்கு வந்து தமக்கென்று ஒதுக்கிய குவளையைத் தாமே எடுக்க வேண்டும். கடைக்காரர் தம் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். பெஞ்சில் இடமிருந்தாலும் நின்றுகொண்டோ, தரையில் குந்தியோதான் குடிக்க வேண்டும். குடித்து முடித்தபின் குவளையைத் தாமே கழுவி, எடுத்த இடத்திலேயே கவிழ்க்க வேண்டும். காசைக் கல்லாவின்மீது வைக்க வேண்டுமேயன்றிக் கையில் கொடுக்கக் கூடாது. இவ்வளவும் ஒரு வாய்ச் சொல்லும் இல்லாமல் நடக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் அமைதியாகத் தெரியும். இந்த அமைதியைத்தான் பல ஊர்ப் பெரியவர்கள் “எங்க ஊர்ல எந்தப் பிரச்சினையும் கிடையாது” என்று பெருமையாகச் சொல்கிறார்கள்.

இதே காட்சியை மறுபக்கத்திலிருந்து பார்க்க நாம் தவறிவிடுகிறோம். பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தபடி தேநீர் குடித்தவர், டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போகிறார். அதைக் கழுவ வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் எழுவதேயில்லை. சாதிப் பெருமை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அரிவாளும் ஊர்வலமும் கொடிக்கம்பமும். ஆனால் அன்றாடம் அது குடியிருப்பது கழுவாமல் விட்டுச் செல்லும் இந்த டம்ளரில்தான். சலுகை பெறுபவருக்குத் தாம் சலுகை பெறுவது தெரியாமலே இருப்பது இதன் தனித்தன்மை. “நான் சாதி பார்ப்பதில்லை” என்று அவர் மனப்பூர்வமாகவே சொல்ல முடிகிறது. அவருக்காகக் கடைக்காரர் பார்த்துக்கொள்கிறாரே!

காகிதக் குவளை வந்தபின் இவற்றில் எவை மாறின? கழுவும் இழிவு போயிற்று. அதை நாம் சிறிதாக மதிப்பிடவில்லை. அறுபது வயதில் ஒரு முதியவர் ஊரார் முன்னிலையில் குவளை கழுவ நேர்ந்த வேதனை இனி அவருடைய பேரனுக்கு இல்லையென்றால் அது ஆதாயமே. ஆனால் பல கடைகளில் காகிதக் குவளை எல்லாருக்கும் பொதுவாக வரவில்லை. ‘தெரிந்தவர்’களுக்குக் கண்ணாடி டம்ளர், மற்றவருக்குக் காகிதம் என்ற பிரிவினை நடைமுறையில் இருக்கிறது. ‘தெரிந்தவர்’ யார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் காகிதமே கொடுக்கும் கடைகளிலும் பெஞ்சு யாருக்கு என்பது மாறிவிடவில்லை. 2020இல் பெருந்தொற்று வந்தபின் சுகாதாரம் என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. எது நோய்க்கு அஞ்சிய விலகல், எது சாதிக்கு அஞ்சிய விலகல் என்று பிரித்துக் காட்டுவது கடினமாகிவிட்டது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட பொருள். தீண்டாமை ஒழிந்ததற்கு அரசு அலுவலர் காட்டும் சான்று, பெரும்பாலான கடைகளில், அதே அரசு தடைசெய்த பொருளாகவே இருக்கிறது.

பாத்திரத்தையும் நீரையும் மையமாக வைத்த போராட்டம் நமக்குப் புதிதன்று. 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிடத் தீர்மானம் நிறைவேற்றியது. மகாட் நகராட்சியும் அதை ஏற்று 1924இல் தன் சவுதார் குளத்தைத் திறந்தது, காகிதத்தில். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் அங்கே சென்று நீர் அருந்திய பிறகுதான், உரிமை என்பது தீர்மானத்தில் இருப்பதா, கையில் அள்ளுவதா என்ற கேள்வி எழுந்தது. ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் தாக்கப்பட்டனர். சாணம், கோமியம், பால், தயிர் நிறைந்த 108 குடங்களைக் குளத்தில் கொட்டி அதைச் ‘சுத்திகரித்தனர்’. பிறகு உரிமையியல் வழக்குத் தொடுத்தனர். பம்பாய் உயர் நீதிமன்றம் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது 1937 மார்ச் ஆகியிருந்தது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்தாண்டு வழக்கு. தியாகி இம்மானுவேல் சேகரன் 1950களில் முகவை மண்ணில் மக்களைத் திரட்டியபோது, இரட்டைக் குவளை ஒழிப்பு அவருடைய முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. 1957 செப்டம்பர் 11 அன்று அவர் பரமக்குடியில் படுகொலை செய்யப்பட்டார். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் பஞ்சமர்க்குத் தேநீர்க் கடைகளில் தனிப் பாத்திரமும் போத்தலும் வைக்கப்பட்டிருந்தன. இலங்கையில் சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆயினும் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் வெடித்த பின்னரே கடைக் கதவுகள் திறக்கத் தொடங்கின. ஆகவே சட்டம் முதலில் வந்து, மக்கள் பின்னால் வந்து, அதற்கும் பின்னாலேயே நிர்வாகம் வந்து சேர்வது நம் அனுபவத்தில் வழக்கமான வரிசை.

உணவிலும் நீரிலும் இயங்கும் சாதிக்கு ஒரு திசை உண்டு. அது கொடுக்கத் தயங்குவதில்லை, வாங்கத்தான் தயங்குகிறது. பண்ணை வீட்டின் பழைய சோறு சேரிக்கு வரலாம். திருவிழாவில் மீந்த குழம்பு வரலாம். பறையடித்தவர்க்கும் துணி வெளுத்தவர்க்கும் அந்தி நேரத்தில் வீடு வீடாகச் சோறு போட்ட வழக்கத்தை ஈகை என்றே ஊர் சொல்லிக்கொண்டது. ஆனால் அந்தச் சோற்றைப் பெற்றவர் வீட்டில் ஊரார் ஒருவர் ஒரு கவளம் உண்டதில்லை. இன்றைய நாகரிக வடிவத்தில் இதைக் காண வேண்டுமெனில் நம் குடியிருப்புகளில் நடக்கும் ஒரு திருமணத்துக்குச் சென்று பாருங்கள். பத்திரிகை வைத்த மரியாதைக்காக ஊர்ப்பக்கத்திலிருந்து சிலர் வருவார்கள். மொய் எழுதுவார்கள். மணமக்களை வாழ்த்துவார்கள். பந்திக்கு அழைத்தால் “இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம்” என்பார்கள். மூடி திறக்காத சோடா வரும், அல்லது இளநீர் வரும். அதைக் குடிப்பார்கள். மூடியும் மட்டையும் நம் கை படாத ஒன்றுக்கு இயற்கையும் தொழிற்சாலையும் கொடுத்த உத்தரவாதங்கள். வந்தவர் நல்லவர், நம்மீது அன்புடையவர் என்பதிலும் ஐயமில்லை. அன்புக்கும் அடுப்புக்கும் இடையே மட்டும் ஒரு கோடு இருக்கிறது.

இந்தக் கோட்டை அளந்து பார்த்த ஓர் ஆய்வு உண்டு. இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு 2011-12இல் நாடு முழுவதும் 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம், உங்கள் வீட்டில் யாரேனும் தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்டது. இல்லை என்றவர்களிடம் அடுத்த கேள்வி: பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ, உங்கள் பாத்திரத்தைப் பயன்படுத்தினாலோ உங்களுக்குச் சிக்கல் இருக்குமா? இரண்டு கேள்விகளையும் சேர்த்து ஏறத்தாழ 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஏதோவொரு வடிவில் தீண்டாமையை ஒப்புக்கொண்டன. முன்பின் அறியாத ஆய்வாளரிடம் தாமாகவே ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு இது. மறுபுறம், தீண்டாமையைத் தண்டிப்பதற்கென்றே இருக்கும் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நாடு முழுவதும் ஆண்டுதோறும் பதிவாகும் வழக்குகள் மிக மிகச் சொற்பம்.

கூட்டாக உண்பதே மருந்து என்று நம்பியவர்கள் நம் முன்னோடிகளிலும் இருந்தனர். 1917இல் கேரளத்தின் செறாயியில் சகோதரன் ஐயப்பன் நடத்திய மிஸ்ர போஜனத்துக்குப் பிறகு அவரை ‘புலையன் ஐயப்பன்’ என்று ஏசினர். அவர் அந்தப் பெயரைப் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார். அதில் ஓர் உண்மையான இழப்பு இருந்தது. உண்டவர்கள் தம் சாதியாரின் பகையைச் சம்பாதித்தார்கள். ஒன்றாக உண்பது மட்டும் சாதியைக் கரைத்துவிடாது, கலப்பு மணமே உண்மையான தீர்வு என்று அண்ணல் 1936இல் எழுதியபோதும், உண்பதன் இந்த இழப்பை அவர் குறைத்து மதிப்பிட்டதாக நாம் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இன்று ஆகஸ்ட் 15 அன்றும், அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3 அன்றும் நம் கோயில்களில் அரசு நடத்தும் பொது விருந்தில் யாருக்கு என்ன இழப்பு? அமைச்சர் ஓர் இலையில் அமர்கிறார், ஒளிப்படம் எடுக்கப்படுகிறது, வேட்டி சேலை வழங்கப்படுகிறது. மறுநாள் அதே ஊரின் டீக்கடையில் எந்த மாற்றமும் இல்லை. கர்நாடகத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசியல் தலைவர்கள் தலித் வீடுகளில் உணவருந்திய நிகழ்ச்சிகள் சிலவற்றில் உணவு வெளியிலிருந்து வரவழைக்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. வீடு நம்முடையது, அடுப்பு மட்டும் வேறொருவருடையது!

திசை உண்மையிலேயே தலைகீழாகும் இடம் ஒன்று இருக்கிறது: பள்ளிச் சத்துணவுக் கூடம். அங்கே பட்டியல் சாதிப் பெண் கரண்டி பிடிக்கிறார், எல்லாச் சாதிக் குழந்தைகளும் தட்டு நீட்டுகிறார்கள். வாங்க மறுப்பதே தீண்டாமையின் அடிப்படை என்றால், அதன் வேரில் கை வைக்கும் ஏற்பாடு இது. உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் 2004 ஏப்ரல் 20 அன்று, சமையலர் உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை அளிக்க ஆணையிட்டது. எதிர்ப்பும் அங்கேயே கூர்மையாக வருகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே அரசுப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் திரண்டனர். நிர்வாகம் முதலில் செய்தது அவரை இடமாற்றம் செய்ததுதான். மக்கள் போராட்டத்துக்குப் பின்னரே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது, வழக்கும் பதிவானது. 2021 டிசம்பரில் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டத்தில் மாணவர்கள் தலித் சமையலரின் உணவை மறுத்தபோதும் வேலை இழந்தவர் அவரே. எதிர்ப்புக் கிளம்பியபின் மீண்டும் சேர்க்கப்பட்டார். 2023 ஆகஸ்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்ட சில நாள்களில், தூத்துக்குடி மாவட்டத்துப் பள்ளி ஒன்றிலும் இதே மறுப்பு எழுந்தது. மக்கள் பிரதிநிதிகள் நேரில் சென்று குழந்தைகளோடு அமர்ந்து உண்டனர்.

அப்படி உண்டது சரியான செயல். ஆனால் நம் கேள்வி வேறு. மறுக்கும் பெற்றோரிடம் சமாதானம் பேசுவதும், சமைக்கும் பெண்ணை இடம் மாற்றுவதும் ஏன் நிர்வாகத்தின் முதல் எதிர்வினையாகத் தொடர்ந்து இருக்கின்றன? குழந்தையை அனுப்ப மாட்டேன் என்று ஒரு தந்தை சொல்வதைச் சட்டம் நேரடியாகத் தண்டிக்காது. ஆனால் கூடிப் பேசி, பள்ளியைப் பூட்டி, ஒரு பெண்ணின் பிழைப்பைப் பறிப்பது தண்டனைக்குரிய குற்றம். முன்னதையும் பின்னதையும் ஒன்றாகக் குழப்பி, இரண்டையும் ‘உணர்வுபூர்வமான பிரச்சினை’ என்று ஒதுக்குவது அலுவலர்களின் வசதி. சமையலை ஒன்றிய அளவில் ஒரே கூடத்தில் முடித்து வண்டியில் அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லையே இராது என்ற யோசனையும் அவ்வப்போது முன்வைக்கப்படுகிறது. நல்லெண்ணத்தோடு சொல்பவரும் உண்டு. ஆயினும் சமைத்தவரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதன் மூலமே உணவு ஏற்கப்படும் என்றால், அது காகிதக் குவளையின் தத்துவமே. தொடுகையை ஒழித்துத் தீண்டாமையைக் காப்பாற்றும் வழி அது.

படித்தவர்களின் இடங்களில் இதே கோடு வேறு சொற்களில் வரையப்படுகிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி விடுதி உணவகம் ஒன்றில் சைவ, அசைவ மாணவர்க்குத் தனித்தனி வாயிலும் தனித்தனிக் கைகழுவும் தொட்டியும் சுட்டும் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. எதிர்ப்புக்குப் பின் அவை அகற்றப்பட்டன. 2023இல் மும்பை ஐஐடியில் சைவர்க்கென மேசைகள் ஒதுக்கப்பட்டதை எதிர்த்து அந்த மேசையில் அமர்ந்து அசைவம் உண்ட மாணவருக்கு 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. சைவம் உண்பது ஒருவருடைய உரிமை, அதில் நமக்கு மாறுபாடில்லை. தட்டில் இருப்பதைத் தாண்டி, தட்டு வைக்கும் மேசைக்கும் கை கழுவும் தொட்டிக்கும் அந்த உரிமை நீளும்போதுதான் அது வேறொன்றாகிறது. கல்லூரித் தோழர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். வகுப்பில் டிபன் பாக்ஸ் நான்கு கைகளில் சுற்றும். நண்பர் நம் வீட்டுக்கும் வருவார், சாப்பிடவும் செய்வார். அவர் வீட்டுக்கு நாம் போவதென்றால் மட்டும் “பாட்டி பழைய காலத்து ஆள், தப்பா எடுத்துக்காதே” என்பார். பாட்டியின் பெயரால் காக்கப்படும் அந்த அடுப்படியில் பேரனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிப்பதோடு, அதை எந்த வடிவிலும் கடைப்பிடிப்பதையும் தடைசெய்கிறது. ‘எந்த வடிவிலும்’ என்ற சொல் அரசுக்கு மட்டுமின்றித் தனியாருக்கும் பொருந்துவது. கடைகளிலும் உணவகங்களிலும் பாகுபாடு கூடாது என்பது 15(2)ஆம் உறுப்பு. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் ‘கடை’ என்றால் என்ன என்று கேட்கப்பட்டபோது, பொருள் விற்கும் இடம் என்று சுருக்காமல், பணி செய்துதர முன்வரும் எந்த இடத்தையும் அது உள்ளடக்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். அதாவது உள்ளே நுழையவிட்டால் மட்டும் போதாது. மற்றவர்க்குக் கிடைக்கும் அதே பணி நமக்கும் கிடைக்க வேண்டும். பெஞ்சு, டம்ளர், ஊற்றும் முறை எல்லாமே அந்தப் பணியின் பகுதிகள்தாம்.

1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, உணவகங்களில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கான பாத்திரங்களைத் தீண்டாமையின் அடிப்படையில் மறுப்பதைத் தண்டிக்கிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் 100 முதல் 500 ரூபாய் வரை தண்டமும். 1976இல் நிர்ணயித்த தொகை இன்றும் அப்படியே. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இதே குற்றம் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. கண்ணாடி ஒருவருக்கு, காகிதம் மற்றவருக்கு என்ற ஏற்பாடு இந்தப் பிரிவுக்குள் நேராக வரும். இரண்டும் பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரங்கள். ஒன்றை மறுத்து மற்றொன்றைத் தருவது தடுத்தலே. சாதி நோக்கம் இருந்தது என்பதை நாம் தனியே மெய்ப்பிக்கத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் எனில், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை தீண்டாமையே காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறுகிறது. இந்தப் பிரிவைக் குறிப்பிடாமலே வாதிட்டுத் தோற்ற வழக்குகள் நம்மிடையே குறைவல்ல.

சிக்கல் வருவது கடைக்கு வெளியேதான். 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் தோட்ட வேலைக்குச் சென்ற பட்டியல் சாதிப் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் கொடுத்ததாக இரு பெண்கள் கைது செய்யப்பட்டனர். தோட்டம் தனியாருடையது, கொட்டாங்குச்சி பொதுப் பயன்பாட்டுப் பாத்திரமும் இல்லை. இத்தகைய வழக்குகளில் காவல்துறை வழக்கமாக நாடுவது, பொதுப் பார்வையில் அவமதித்தல் என்ற வன்கொடுமைச் சட்டப் பிரிவை. ஆனால் ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், பொதுமக்கள் எவரும் இல்லாத நான்கு சுவருக்குள் நடந்த அவமதிப்பு பொதுப் பார்வையில் நடந்ததாகாது என்று கூறியபின், வீட்டுத் திண்ணையிலும் தோட்டத்திலும் நடக்கும் குற்றங்களில் எதிர்த்தரப்புக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. இங்கே நாம் பழைய சட்டத்தை மறந்துவிடுகிறோம். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7(1)(டி) பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் பட்டியல் சாதியினரை அவமதிப்பதைத் தண்டிக்கிறது. அதில் பொதுப் பார்வை என்ற நிபந்தனையே இல்லை. தண்டனை குறைவுதான். ஆனால் இரு சட்டங்களின் பிரிவுகளையும் முதல் தகவல் அறிக்கையிலேயே சேர்க்கச் சொன்னால், ஒன்று விழுந்தாலும் மற்றொன்று நிற்கும்.

அதே 7ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இன்னும் கவனிக்கப்படாதது. தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்த காரணத்துக்காகத் தம் சொந்தச் சமூகத்தாரால் விலக்கிவைக்கப்படும் ஒருவரை அது காக்கிறது. அவருக்குச் சமூகத்தில் உரிய உரிமையையோ சலுகையையோ மறுப்பவர் தண்டிக்கப்படுவார். தேநீர்க் கடை வழக்குகளில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் சிறு கடைக்காரர். அவரே ஏழை. எல்லாருக்கும் ஒரே டம்ளர் கொடுத்தால் ஊர் தம் கடையைப் புறக்கணிக்கும் என்று அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதனால் அவர் குற்றமற்றவர் ஆகிவிட மாட்டார். ஆனால் ஊர்க் கூட்டத்தில் கட்டுப்பாடு விதித்தவர்கள் வீட்டில் இருக்க, பாய்லர் முன் நிற்பவரை மட்டும் கைது செய்வது வசதியான நீதி. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், மிட்டாய் வாங்க வந்த பட்டியல் சாதிக் குழந்தைகளிடம் ஊரில் கட்டுப்பாடு இருப்பதால் தர முடியாது என்று கடைக்காரர் சொன்ன காணொளி வெளியானது. அந்த வழக்கில் கடைக்காரரோடு விசாரணை நிற்கவில்லை. வன்கொடுமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவைப் பயன்படுத்தி, ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையச் சிறப்பு நீதிமன்றம் தடை விதித்தது. கட்டுப்பாட்டின் வேர்வரை போக வழி உண்டு என்பதற்கு அது முன்மாதிரி. கடைக்காரர் துணிந்து ஒரே டம்ளர் கொடுத்து, ஊர் அவரை ஒதுக்கினால் 7(2)இன்கீழ் அவருக்காகவும் நாம் வழக்காட ஆயத்தமாக இருக்க வேண்டும்.

அலுவலர்களின் பொறுப்புக்கும் தீர்ப்பு உண்டு. ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011 ஏப்ரல் 19 அன்று உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டின் இரட்டைக் குவளை முறையைப் பெயர் சொல்லியே கண்டித்தது. தம் எல்லைக்குள் அது நடப்பதை அறிந்தும் குற்ற நடவடிக்கை எடுக்காத நிர்வாக, காவல் அலுவலர்கள்மீது துறை நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்றது. பதினோராண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட புகாரை விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அந்தப் பகுதித் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டார்கள். கடை உரிமையாளர்மீது வழக்குப் பதிவானது. அந்தக் கடை அன்று காலையில் திறந்த கடை அன்று. அந்தப் பாதையில் அதற்குமுன் எத்தனை வருவாய் அலுவலர்களும் காவலர்களும் சென்றிருப்பார்கள், அவர்களில் எத்தனை பேர் அங்கேயே தேநீர் அருந்தியிருப்பார்கள் என்ற கேள்வியை எந்தத் துறை விசாரணையும் கேட்டதாக நமக்குத் தெரியவில்லை.

தோழர்கள் கள ஆய்வுக்குச் செல்லும்போது “இரட்டைக் குவளை இருக்கிறதா” என்று மட்டும் கேட்டுத் திரும்ப வேண்டாம். ஒரே நேரத்தில் யாருக்குக் கண்ணாடியில் வந்தது, யாருக்குக் காகிதத்தில் வந்தது. பெஞ்சில் யார் அமர்ந்தார், யார் வாசலில் நின்றார். தண்ணீர்க் குவளையை யார் தாமே எடுத்தார், யாருக்குக் கையில் ஊற்றப்பட்டது. காசு கையில் வாங்கப்பட்டதா என்று நாள், நேரத்தோடு எழுதுங்கள். வெவ்வேறு நாள்களில் இரண்டு மூன்று பேராகச் சென்று பாருங்கள், ஒருவர் பிறழ்ந்தாலும் மற்றவர் சாட்சியாக நிற்பார். புகாரை எழுத்தில் கொடுத்துப் பதிவு எண் பெறுங்கள். விசாரிக்க வேண்டியவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர், காலக்கெடு 60 நாள். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்பது விதி. உங்கள் மாவட்டத்தில் அது கடைசியாகக் கூடியது எப்போது, தேநீர்க் கடைகள் குறித்து அதில் ஒரு வரியேனும் பதிவாகியிருக்கிறதா, 2011 தீர்ப்பின்படி இதுவரை எந்த அலுவலர்மீதாவது துறை நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு அனுப்புங்கள். வரும் விடைகளை எங்களுக்கும் அனுப்பினால், மாவட்ட வாரியாகத் தொகுத்து உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கும் பணியை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.